சொட்டாங்கல்லுக்கு எந்தக் கோட்பாடு? சிறுவயது விளையாட்டை ஓ.டி. பாடத்தோடு இணைப்பது பற்றி

#1 · முதலாண்டு_பெஞ்ச்

வணக்கம். ஆக்குபேஷனல் தெரபி முதலாண்டில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி இது: "உங்கள் சிறுவயதுச் செயல் ஒன்றை எடுத்து, படித்த கோட்பாடுகளில் இரண்டைக் கொண்டு விளக்குக. 1500 சொல்." எடுத்துக்கொண்டது சொட்டாங்கல். கையில் இருப்பது ஒரே ஒரு வரி: "சொட்டாங்கல் நுண்தசைத் திறன், கண்-கை ஒருங்கிணைப்பு, கவனம், சமூகத் திறன் ஆகியவற்றை வளர்க்கிறது."

இதற்கு மேல் நகரவில்லை. சென்சரி இன்டக்ரேஷன் (உணர்வு ஒருங்கிணைப்பு), மோஹோ (MOHO, மனிதச் செயல் மாதிரி), பி.இ.ஓ. (PEO, ஆள்-சூழல்-செயல் மாதிரி) இவற்றில் எது பொருந்தும்? பாண்டி, தூளி, ஊஞ்சல் பற்றியும் யாராவது சொன்னால் வகுப்பில் மற்றவர்களுக்கும் உதவும்.

#2 · கைவேலை

உங்கள் வரியில் 'சொட்டாங்கல்' என்பதை அழித்துவிட்டு 'கேரம்' என்று போடுங்கள். நிற்கும். 'பூத்தொடுப்பது' என்று போடுங்கள். அதுவும் நிற்கும். அதனால்தான் நகரவில்லை.

கோட்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் செயலைப் பிரியுங்கள். விதி ஊருக்கு ஊர் மாறும். பரவலான ஐந்து கல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

கல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.5 முதல் 2 செ.மீ. ஐந்தையும் தரையில் உருட்டிவிட்டு ஒன்றைத் 'தாய்க்கல்'லாக எடுக்கிறாள். அதை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் தரையில் ஒரு கல்லைப் பொறுக்கி, அதே கையால் தாய்க்கல்லையும் பிடிக்க வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கையும் ஒரே வாரலில். முடிவில் ஐந்தையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தி, மறுபடி எறிந்து உள்ளங்கையில் பிடிப்பது.

இனி நேரக் கணக்கு. கைக்கு மேல் 30 செ.மீ. உயரம் போகும் கல், ஏறி இறங்க எடுப்பது சுமார் 0.5 வினாடி. 45 செ.மீ. போனால் 0.6. உயரத்தை ஒன்றரை மடங்காக்கியும் கிடைப்பது பத்தில் ஒரு வினாடிதான். உயரம் கூடினால் கல் நேராக மேலே போகாமல் முன்னால் சாயும் வாய்ப்பும் கூடுகிறது. புதிதாக ஆடுபவள் 'இன்னும் உயரமாகப் போட்டால் எடுத்துவிடலாம்' என்று போட்டு, கல் கைக்கு எட்டாமல் விழுந்து தோற்பது இதனால்தான். பழகியவள் உயரத்தைக் குறைத்துக் கையை விரைவாக்குகிறாள்.

அந்த அரை வினாடிக்குள் நடப்பது: உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்போது எறிதல். முன்கையைத் திருப்பி உள்ளங்கையைத் தரைப்பக்கம் கொண்டுபோதல். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் கல்லைக் கிள்ளி எடுத்தல். மறுபடி முன்கையைத் திருப்பி ஏந்துதல். ஏற்கெனவே எடுத்த கற்களைக் கையிலேயே வைத்து ஆடும் விதியென்றால் வேலை இரட்டிப்பு. மோதிரவிரலும் சுண்டுவிரலும் பழைய கற்களை உள்ளங்கையோடு அடக்கிப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரலும் புதிதாக எடுக்க வேண்டும்.

ஓ.டி. ஆய்வாளர் சார்லட் எக்ஸ்னர் கைக்குள் பொருளை நகர்த்தும் திறன்களை வகைப்படுத்தியிருக்கிறார்: விரல்நுனியிலிருந்து உள்ளங்கைக்கு, உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்கு, விரல்நுனியிலேயே சிறு நகர்வு, எளிய சுழற்று, சிக்கலான சுழற்று. கையில் வேறு பொருளை அடக்கிக்கொண்டு இவற்றைச் செய்வது கடினமான படி. 'கற்களை வைத்துக்கொண்டே எடுப்பது' அதே படிதான். "நுண்தசைத் திறன்" என்று எழுதாமல் இதை எழுதுங்கள்.

#3 · முதலாண்டு_பெஞ்ச்

நன்றி அக்கா. அப்படியென்றால் இது பயோமெக்கானிக்கல் (தசைவலிமை, மூட்டசைவு பார்க்கும்) கோட்பாடா?

#4 · கைவேலை

இல்லை. இது செயல் பகுப்பாய்வு மட்டுமே. எந்தக் கோட்பாடும் இன்னும் உள்ளே வரவில்லை. கல்லை யார், ஏன், எங்கே, யாரோடு ஆடினார்கள் என்று இதில் ஒன்றும் இல்லை பாருங்கள்.

#5 · திண்ணை

குறுக்கே ஒன்று. தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதினால் படிப்பவர் 'தொழில்' என்பதை வேலை, சம்பளம் என்று எடுத்துக்கொள்கிறார். 'குழந்தைக்கு என்ன தொழில்?' என்று கேட்காத பெற்றோர் இல்லை. இந்தத் துறையில் ஆக்குபேஷன் என்றால் ஒருவரின் நாளை நிறைக்கும், அவருக்குப் பொருளுள்ள காரியங்கள் எல்லாம். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் 2020 கட்டமைப்பு ஒன்பது வகை சொல்கிறது: அன்றாடத் தற்பராமரிப்பு, வீடு-வெளி சார்ந்த அன்றாடக் காரியங்கள், உடல்நலப் பேணல், ஓய்வும் தூக்கமும், கல்வி, வேலை, விளையாட்டு, பொழுதுபோக்கு, சமூகப் பங்கேற்பு. கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு வரியில் இதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

#6 · மாடல்_பெட்டி

இப்போது கோட்பாட்டுக்கு வருவோம். 'எது சரி' என்று கேட்டால் விடை வராது. ஒவ்வொன்றும் வேறு கேள்வி கேட்கிறது. உங்களுக்கு எந்தக் கேள்வி வேண்டும் என்று தீர்மானித்தால் மாடல் தானாக வரும்.

கேரி கீல்ஹாஃப்னரும் கூட்டாளிகளும் 1980-இல் வெளியிட்ட மோஹோ கேட்பது: இந்தச் செயலை நோக்கி இந்தக் குழந்தையைத் தள்ளியது எது, அது எப்படிப் பழக்கமாக இறுகியது, அதைச் செய்யும் தகுதியை அவள் எப்படி உணர்ந்தாள், சூழல் என்ன இடம் கொடுத்தது? விருப்பாற்றல், பழக்கம், செயல்தகுதி, சூழல் என்று நான்கு. மாணவர்கள் நான்குக்கும் தலா ஒரு பத்தி எழுதி அடுக்கிவிடுகிறார்கள். அப்படி அடுக்கினால் மாடல் செத்துவிடும். அவை ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதுதான் மோஹோ.

எடுத்துக்காட்டாக, எட்டு வயதுப் பெண் ஒருத்தி. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. ஓடிப்பிடித்து ஆடப் போக முடியாது, தம்பி திண்ணையில் கிடக்கிறான். சொட்டாங்கல் திண்ணையிலேயே ஆடலாம், எந்த நொடியும் நிறுத்திவிட்டு எழலாம், கல் காசில்லாமல் கிடைக்கிறது. இங்கே பழக்கப் பகுதியில் வரும் 'பொறுப்பாளி அக்கா' என்ற பாத்திரம், சூழல் வழியாக, விருப்பத்தையே வடிவமைக்கிறது. 'அவளுக்குச் சொட்டாங்கல் பிடிக்கும்' என்பது பாதி உண்மைதான். பிடிப்பதற்கு வேறு எது மிச்சம் இருந்தது என்பது மறுபாதி. திரும்பத் திரும்ப ஆடியதால் கை தேர்கிறது, தேர்ந்ததால் 'என்னால் முடியும்' என்ற எண்ணம் வலுக்கிறது, அது மறுபடி ஆட வைக்கிறது. இந்தச் சுற்றைக் காட்டினால் போதும்.

கீல்ஹாஃப்னரின் ஆசிரியை மேரி ரெய்லி விளையாட்டுக்கு மூன்று படி சொன்னார்: ஆராய்தல், திறன் கூட்டல், சாதித்தல். சொட்டாங்கல்லில் இந்த மூன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்குத் தெளிவு. கல்லைப் பொறுக்கி எடை பார்ப்பதும், சும்மா மேலே போட்டுப் பிடிப்பதும் முதற்படி. தனியே உட்கார்ந்து 'இரண்டாம் சுற்றை' இருபது தடவை செய்வது இரண்டாவது. எதிராளி வைத்து 'பழம்' எண்ணுவது மூன்றாவது. தனியே ஆடிப் பழகும் கட்டத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன, போட்டி மட்டும்தான் நினைவில் நிற்கிறது என்பதால்.

பி.இ.ஓ. மேரி லா குழுவினர் 1996-இல் வெளியிட்டது. ஆள், சூழல், செயல் மூன்று வட்டம், அவை எவ்வளவு மேற்கவிகின்றனவோ அவ்வளவு செயல்திறன். இதை எடுத்தால் காலப்போக்கில் மேற்கவிதல் மாறியதைக் காட்டுங்கள். பூப்படைந்தபின் தெருவில் பாண்டி ஆட விடவில்லை என்றால், ஆளின் திறன் அப்படியே இருக்கிறது, செயல் அப்படியே இருக்கிறது, சூழல் வட்டம் மட்டும் விலகிவிட்டது. இதைவிடச் சுருக்கமாக பி.இ.ஓ.வை விளக்க முடியாது.

#7 · சில்லாக்கு

பாண்டிக்கு வருகிறேன். சென்சரி இன்டக்ரேஷன் எழுத ஆசைப்படுபவர்கள் சொட்டாங்கல்லைவிட இதை எடுக்கலாம்.

ஜீன் ஏர்ஸ் 1972-இல் நூலாக விரித்த கோட்பாட்டின் நடு: தொடுவுணர்வு, சமநிலையுணர்வு, தசை-மூட்டுவழி வரும் உடல்நிலையுணர்வு மூன்றும் மூளையில் ஒழுங்காகச் சேர்ந்தால்தான் புதிய அசைவைத் திட்டமிட முடியும். அந்தத் திட்டமிடலுக்குப் பெயர் ப்ராக்ஸிஸ். என்ன செய்யலாம் என்று தோன்றுவது, எப்படி என்று வரிசைப்படுத்துவது, செய்து முடிப்பது என மூன்று கட்டம்.

பாண்டியில் சில்லைக் கட்டத்துக்குள் எறிய வேண்டும். கோட்டில் விழுந்தால் அவுட். சில் கிடக்கும் கட்டத்தைத் தாண்டி நொண்டிப் போய், திரும்பி வரும்போது ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து எடுக்க வேண்டும். அந்தக் குனிதல்தான் ஆட்டத்தின் கழுத்து. தலை கீழே போகும்போது சமநிலையுறுப்புக்கு வரும் தகவல் மாறுகிறது, தாங்கும் காலின் முழங்கால் மடங்குகிறது, உடல் எடை பாதத்தின் முன்பக்கம் போகிறது. சில்லின்மேல் மட்டும் கண்ணை வைக்கும் குழந்தை இங்கே விழும்.

பிந்திய கட்டத்தில் சில்லை நெற்றியிலோ பாதத்தின்மேலோ வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி ஒவ்வோர் அடிக்கும் "ரைட்டா?" என்று கேட்டு நடப்பது. கட்டத்தின் அளவைக் கண்ணால் பார்க்க முடியாது. கால் இதுவரை எத்தனை முறை அந்த அகலத்தைக் கடந்ததோ, அந்த நினைவுதான் வழிகாட்டி. பார்வையை எடுத்துவிட்டு உடல்நிலையுணர்வை மட்டும் சோதிக்கும் ஆட்டம். தெருக்குழந்தைகளே கடினப்படி வரிசையை இவ்வளவு கச்சிதமாக அமைத்திருப்பதைப் பார்த்தால், ஏர்ஸ் சொன்ன 'சரியான அளவு சவால்' புதிய சரக்கில்லை என்று தோன்றும்.

கோளாறு வரும் இடங்கள்: கட்டம் பெரிதாகிவிட்டால் (ஒரு பக்கம் 50 செ.மீ.க்கு மேல்) சின்னக் குழந்தைக்கு நொண்டல் தாவலாகி, தரையிறங்கும்போது கால் நிலைக்காது. சில் கனமில்லாத பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் துள்ளி ஓடும், ஓட்டுச்சில் படிந்து நிற்கும். ஒற்றைக்காலில் தொடர்ந்து நாலைந்து தாவல் 4 முதல் 5 வயதுக்குள் வருவது வழக்கம். அதற்கு முன் பாண்டியில் சேர்த்துவிட்டு 'தடுமாற்றம்' என்று எழுதக்கூடாது.

#8 · ஏணைக்கயிறு

யாழ்ப்பாணப் பக்கத்திலயிருந்து எழுதுறன். நீங்கள் சொட்டாங்கல் எண்டுறதை நாங்கள் கொக்கான் வெட்டுறது எண்டு சொல்லுவம், நொண்டுறதை கெந்துறது எண்டுவம். தூளி எண்டுறது இங்க ஏணை.

ஏணையைப் பற்றி ஆரும் எழுதேல்லை, அதால நான் எழுதுறன். பழைய நூல்சேலையை வளையில கட்டித் தொங்கவிட்டுப் பிள்ளையை வளத்தினால், துணி ரெண்டு பக்கத்தாலையும் உடம்பை ஒரே சீராய் அமத்தும். கை கால் நடுவுக்கு மடங்கி வரும், கருப்பையில இருந்த மாதிரி. ஆட்டுறது மெதுவாய், ஒரே தாளத்தில, நேர்கோட்டில. இந்த நேர்கோட்டு அசைவை உட்காதில இருக்கிற ஓட்டோலித் உறுப்புகள் உணரும். மெதுவான, சீரான அசைவு விழிப்புநிலையைக் குறைக்கும். வேகமாய், திடீர் திடீரெண்டு ஆட்டினால் எதிர்மாறாய் முழிப்புத்தான் வரும். அழுகிற பிள்ளையை ஆவேசமாய் ஆட்டிறவைக்கு இதைச் சொல்லுங்கோ.

எழுதேக்க ஆபத்தையும் எழுதவேணும். துணியின்ர ஆழம் கூடினால் தலை முன்னுக்கு மடங்கி நாடி நெஞ்சில முட்டும், மூச்சுப்பாதை நெருங்கும். முகத்தில துணி மூடலாம். உருளத் தொடங்கின பிள்ளைக்கு ஏணை பாதுகாப்பில்லை. ரெண்டு காலையும் நேராய்ச் சேத்து இறுக்கிச் சுத்திக் கிடத்திறது இடுப்பு மூட்டுக்குக் கூடாது, தொடை அகண்டு மடங்கி இருக்க இடம் விடவேணும். 'எங்கட முன்னோர் அறிவியல்' எண்டு மட்டும் எழுதிப்போட்டு விட்டால் அது கட்டுரையில்லை, பெருமை.

#9 · முதலாண்டு_பெஞ்ச்

ஏணைக்கயிறு அண்ணா, தட்டாமாலை சுற்றுவதும் ஊஞ்சலும் ஒரே வகையா? இரண்டையும் 'வெஸ்டிபுலர்' (சமநிலையுணர்வு) என்று ஒரே பெட்டியில் போடலாமா?

#10 · ஏணைக்கயிறு

அக்கா எண்டு சொல்லுங்கோ :) ஒரே பெட்டியில போடாதேங்கோ. சுத்துறதை அரைவட்டக் குழாய்கள் உணரும். சுத்தி நிண்டவுடன குழாய்க்குள்ள இருக்கிற திரவம் உடன நிக்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அதால எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி இருக்கும், கண் துடிக்கும். ஏர்ஸ் 1975-இல வெளியிட்ட சோதனை இதைத்தான் அளந்தது: சுழல் பலகையில பிள்ளையை இருத்தி, தலையை 30 பாகை முன்னுக்குச் சாய்ச்சு, 20 செக்கனில 10 சுத்து, டக்கெண்டு நிப்பாட்டி, கண் எவ்வளவு நேரம் துடிக்குது எண்டு பாக்கிறது. தலையைச் சாய்க்கிறது கிடைக்குழாயைத் தரைக்குச் சமாந்தரமாய்க் கொண்டுவர.

தட்டாமாலையில ரெண்டு பேர் கை கோத்துப் பின்னுக்குச் சாயுறதால தோள், முழங்கை மூட்டில இழுவையும் சேருது. தனியச் சுத்துறதும் அதுவும் ஒண்டில்லை. ஊஞ்சலில முக்கியமாய் நேர் அசைவு, அதோட வில்மாதிரி வளைஞ்சு போறதால கொஞ்சம் சுழற்சி.

#11 · மறுப்புக்குரல்

எல்லாரும் ஊஞ்சலையும் பாண்டியையும் ரசித்தாயிற்று. கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஊஞ்சல் ஆடினாள், சமநிலையுணர்வு கிடைத்தது, அதனால் படிப்பு வந்தது. இப்படி எழுதப்படும் கட்டுரைகள்தான் அதிகம். இரண்டாவது 'அதனால்' எங்கிருந்து வந்தது? ஊரில் எல்லாரும்தான் ஊஞ்சல் ஆடினார்கள்.

ஏர்ஸ் முறைச் சிகிச்சை என்பதற்கே 2011-இல் பத்து அம்சங்கள் கொண்ட ஒத்திசைவு அளவுகோல் (சிகிச்சை அந்த முறைப்படிதான் நடக்கிறதா என்று பார்ப்பது) வெளியானது. பாதுகாப்பு, தொடு-சமநிலை-உடல்நிலை உணர்வுகளில் குறைந்தது இரண்டு, விழிப்புநிலையைப் பேணுதல், குழந்தையோடு சேர்ந்து செயலைத் தேர்தல், சவாலை அளந்து கொடுத்தல் என்று போகும். இதில் சவாலைக் கணத்துக்குக் கணம் அளந்து கொடுப்பவர் தெருவில் யார்? 'பாண்டி ஒரு சென்சரி இன்டக்ரேஷன் தெரபி' என்று எழுதினால் தவறு. 'பாண்டியில் இன்னின்ன உணர்வுத் தகவல்கள் தேவைப்படுகின்றன' என்று எழுதினால் சரி.

ஆதாரமும் கலவையானது. 2014-இல் ஷாஃப் குழு ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் 30 அமர்வு செய்து, தனித்தனி இலக்குகளில் முன்னேற்றம் கண்டது. 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 138 குழந்தைகள், 26 அமர்வு. எரிச்சல், கொந்தளிப்பு நடத்தை வழக்கமான பராமரிப்பைவிடக் குறையவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2012-லேயே 'உணர்வுச் செயலாக்கக் கோளாறு' என்பதைத் தனி நோயறிதலாகப் பொதுவாகப் போட வேண்டாம் என்றது. 2013-இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5 உணர்வு மிகை-குறை எதிர்வினையை ஆட்டிசத்தின் அளவீடுகளில் ஒன்றாகச் சேர்த்தது, தனி நோயாக அல்ல.

சிறுவயதைத் திரும்பிப் பார்த்து 'நான் ஒரு சென்சரி சீக்கர்' (உணர்வுத் தூண்டலைத் தேடும் ஆள்) என்று சுயப்பட்டம் கட்டிக்கொள்வது இதைவிட மோசம். எந்தக் குழந்தைதான் சுற்றவில்லை?

#12 · மாடல்_பெட்டி

சிகிச்சை பற்றிய மறுப்பை முழுதாக ஏற்கிறேன். ஆனால் வின்னி டன் 1997-இல் கொடுத்த கட்டத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது பட்டம் கட்டுவதற்கானதல்ல. இரண்டு அச்சுதான்: நரம்பு எழும்ப எவ்வளவு தூண்டல் தேவை என்பது (இதுதான் 'வாசல்') ஒன்று, குழந்தை அதற்குச் சும்மா இருக்கிறதா, தானே ஏதாவது செய்துகொள்கிறதா என்பது மற்றொன்று. நான்கு மூலை வரும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை எடுங்கள். எண்ணெய் கண்ணுக்கு வழிவதையே கவனிக்காமல் உட்கார்ந்திருப்பவன்: வாசல் உயரம், செயலின்மை, அதாவது பதிவுக் குறைவு. 'இன்னும் அழுத்தித் தேய்' என்று தலையைக் கொடுப்பவள்: வாசல் உயரம், தானே நாடுகிறாள். சீயக்காய் நெற்றியில் பட்டதுமே அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பவன்: வாசல் தாழ்வு, நுண்ணுணர்வு. வெள்ளிக்கிழமை ராத்திரியே பாட்டி வீட்டுக்குப் போகத் திட்டம் போடுபவள்: வாசல் தாழ்வு, தவிர்ப்பு. கடைசி இரண்டும் ஒரே சிரமம்தான், வெளியே வேறு நடத்தை. அழுபவனை 'அழுமூஞ்சி' என்றும் தவிர்ப்பவளை 'கள்ளி' என்றும் வீட்டில் சொல்வார்கள். டன் இங்கே எதைத் திருத்துகிறார் என்பது தெரிகிறதல்லவா?

ஒரே ஒரு நிகழ்வை வைத்து மூலையை முடிவு செய்யாதீர்கள். பட்டுப்பாவாடைச் சரிகை உறுத்தல், தட்டில் ரசம் சோற்றோடு கலப்பது, திருவிழா மைக் என்று குறைந்தது மூன்று வேறு சூழலில் அதே போக்கு இருந்ததா? உணவில் தவிர்ப்பு, சத்தத்தில் நாட்டம் என்று கலந்தும் வரும்.

#13 · திண்ணை

சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால்.

வெளிநாட்டு வளர்ச்சிப் பட்டியலில் ஒன்றரை வயதில் கரண்டியைத் தானே பிடித்து, சிந்திக் கொண்டாவது சாப்பிட வேண்டும் என்று இருக்கும். நம் வீடுகளில் நாலு வயதிலும் நிலா காட்டி ஊட்டுவார்கள். பட்டியலை அப்படியே வைத்தால் தெருவில் பாதிக் குழந்தைக்குத் 'தாமதம்' எழுத வேண்டும். திறன் இல்லையா, வாய்ப்பு இல்லையா என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஊட்டும் அம்மாவின் கையிலிருந்து முறுக்கைப் பிடுங்கித் தின்கிறவனுக்குப் பிடிக்கும் திறன் இருக்கிறது.

கையால் சோறு உண்பதையும் பிரித்துப் பாருங்கள். ஐந்து விரலாலும் பிசைதல், விரல்நுனிகளால் திரட்டல், நான்கு விரலையும் லேசாகக் குழித்துத் தூக்கல், உதட்டருகே வந்ததும் கட்டைவிரலின் நகப்பக்கத்தால் உள்ளே தள்ளல். கடைசிப் படிதான் பிந்தி வரும். அது வராத குழந்தை உள்ளங்கையோடு வாயில் அப்பிக்கொள்ளும். மோரில் கரைத்த சோற்றைவிட நெய்ப்பருப்புச் சோறு திரளும், எனவே பழக்கத் தொடங்க அதுவே வசதி. கரண்டிப் பட்டியலில் இந்தப் படி எதுவும் இல்லை.

தனித்து நிற்பதே இலக்கு என்ற எண்ணத்தையே கேள்வி கேட்டது மைக்கேல் இவாமாவின் கவா மாடல். ஜப்பானில் உருவாகி 2006-இல் நூலானது. வாழ்க்கை ஓர் ஆறு. நீரோட்டம், கரையும் அடிப்படுகையும், பாறைகள், மிதக்கும் கட்டைகள், இவற்றுக்கிடையே நீர் போகும் இடைவெளிகள். கரை என்பது குடும்பமும் ஊரும். பாறை சிக்கல். மிதக்கும் கட்டை என்பது குணமும் கைவசமுள்ள பொருளும், அது பாறையைத் தள்ளவும் செய்யும், பாறையோடு சேர்ந்து அடைக்கவும் செய்யும். ஊட்டிவிடும் பாட்டி நம் கட்டுரைகளில் 'சுதந்திரத்துக்குத் தடை' ஆகிவிடுகிறார். கவாவில் அவர் கரை. கரை இல்லாத ஆறு கிடையாது, கரை நெருங்கினால் ஓட்டம் ஒடுங்கும் என்பதும் உண்மை.

#14 · கைவேலை

இதோடு இடக்கைப் பழக்கத்தையும் சேர்க்கலாம். கை விருப்பம் பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் நிலைக்கும். சோறு, காசு கொடுத்தல், பிரசாதம் வாங்கல் மூன்றுக்கும் வலக்கை கட்டாயம், எழுத்துக்கும் அதையே கட்டாயமாக்கினால் என்ன ஆகிறது என்பது நல்ல பி.இ.ஓ. தலைப்பு. செயலுக்குச் செயல் கட்டாயம் வேறு என்பதைக் கவனியுங்கள். பந்து எறிய இடக்கையை யாரும் தடுப்பதில்லை.

விஜயதசமியில் அரிசியில் 'அ' எழுத வைப்பதும் அப்படித்தான். பெரியவர் விரலைப் பிடித்து எழுதுவது சடங்கு, அந்த வயதுக்குரிய எழுத்துப்பயிற்சியல்ல. குழந்தை வட்டத்தைப் பார்த்து வரைவது சுமார் 3 வயதில், கூட்டல்குறி 4-இல், சதுரம் நாலரையை ஒட்டி, முக்கோணம் 5 தாண்டி. 'அ'வில் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒரே இழுப்பில் வருகின்றன. 'ட', 'ப' நேர்கோடுகள்தான். மூன்று வயதில் 'அ' வரவில்லை என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும். அரிசியின் சொரசொரப்பு விரலுக்குத் தரும் எதிர்ப்பு நல்ல தகவல்தான், அதை மறுக்கவில்லை.

#15 · முதலாண்டு_பெஞ்ச்

ஒரு சந்தேகம். நினைவில் இருப்பதை நம்பி எழுதலாமா? 'எப்போதும் ஜெயிப்பேன்' என்று எல்லாருக்கும்தான் நினைவு இருக்கும்.

#16 · மறுப்புக்குரல்

சரியான கேள்வி. தாளை மூன்றாகப் பிரியுங்கள். தானே நினைவில் வைத்திருப்பது, வீட்டில் சொல்லிக் கேட்டது, இன்றும் சரிபார்க்க முடிவது. திண்ணையின் அகலம், கல்லின் அளவு, யார் எந்த நேரத்தில் வீட்டில் இருந்தார்கள், எந்த வகுப்பில் நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் மூன்றாவதில் வரும். பகுப்பாய்வை மூன்றாவதின்மேல் கட்டுங்கள். முதலாவதை 'இப்போது நினைவில் இப்படி இருக்கிறது' என்றே எழுதுங்கள். மோஹோவின் விருப்பாற்றலுக்கு அந்த நினைவே தரவு, நடந்ததா இல்லையா என்பது வேறு.

அடுத்தது, ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் 'இது இல்லாவிட்டால் என் விளக்கம் தவறு' என்று ஒரு வரி. மாடல்_பெட்டி சொன்ன தம்பி எடுத்துக்காட்டில்: தம்பி வளர்ந்து ஓடத் தொடங்கிய பிறகும் அவள் திண்ணையை விடவில்லை என்றால், 'பொறுப்புதான் தேர்வைக் குறுக்கியது' என்ற விளக்கம் ஆட்டம் காணும். அப்போது கூட்டாளிகள், தேர்ச்சி தரும் பெருமை என்று வேறு இடம் பார்க்க வேண்டும்.

1500 சொல்லில் செயல் விவரிப்புக்கு 400 விடுங்கள். முதல் கோட்பாட்டுக்கு 500, இரண்டாவதுக்கு 300 போதும், அது முதலாவது விட்டதை மட்டும் எடுக்கட்டும். மிச்சம் எங்கே பொருந்தவில்லை என்பதற்கு. வீட்டாரைப் பற்றி எழுதினால் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

#17 · முதலாண்டு_பெஞ்ச்

முதல் பத்தியை மாற்றினேன், பாருங்கள்:

"ஐந்து கல் ஆட்டத்தில், எடுத்த கற்களை மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையோடு அடக்கியிருக்க, மற்ற மூன்று விரலும் அடுத்த கல்லைக் கிள்ள வேண்டும். தாய்க்கல் காற்றில் இருப்பது 0.5 வினாடி. திண்ணையின் அகலம் 70 செ.மீ. என்பதால் கல்லை விரித்து உருட்ட இடமில்லை. கற்கள் நெருங்கியே விழும். ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்றில் பக்கத்துக் கல் அசைந்தால் அவுட் என்பதால் அது கஷ்டம். நான்கையும் வாரும் சுற்று எளிது."

#18 · கைவேலை

இதில் 'கேரம்' என்று மாற்றிப் போட முடியாது. திண்ணை அகலத்தால் சுற்றுகளின் கடினம் தலைகீழாவது நல்ல கவனிப்பு, அதையே பி.இ.ஓ.வுக்குக் கொண்டுபோங்கள்.

ஒரே திருத்தம். 0.5 வினாடி என்பது 30 செ.மீ.க்கு நான் போட்ட கணக்கு, உங்கள் வீட்டில் ஆடுபவர் எவ்வளவு உயரம் போடுகிறார் என்று அளக்காமல் எழுதாதீர்கள். சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, எதிரே கல்லின் உச்சி மட்டத்தில் கைப்பேசியை நிறுத்தி, ஸ்லோமோஷனில் எடுங்கள். ஆடுபவர் சுவரை ஒட்டி உட்காரட்டும், தள்ளி இருந்தால் கோடு ஏமாற்றும். வினாடிக்கு 240 ஃபிரேம் வேகமென்றால், கல் கையை விட்டதிலிருந்து பிடிக்கும்வரை ஃபிரேம் எண்ணி 240-ஆல் வகுத்தால் போதும். பத்து எறிதலாவது எடுங்கள், தவறியதையும் சேர்த்து.